ஒரே நிறை, வேறு துண்டுகள்

போன வருடம், பொகவந்தலாவையில் எங்கள் தேயிலைத் தோட்ட லயத்து வீடுகளுக்கு மேலே உள்ள மலையில் களைமருந்து அடித்த வாரம் அது. அந்த மலையிலிருந்துதான் எங்கள் பீலிக்குத் தண்ணீர் இறங்குகிறது. அதில்தான் அப்போது எட்டு மாதமாக இருந்த என் மகனைக் குளிப்பாட்டினேன். கொதிக்க வைத்து அதையே குடிக்கவும் கொடுத்தேன். கொதித்தால் மருந்து போய்விடுமா என்ற யோசனையிலேயே எனக்குத் தூக்கம் கெட்டது.

நான் ஹட்டன் பக்கம் ஓர் ஆய்வுகூடத்தில் உதவியாளர். அங்கே அனுமதி கேட்டுக்கொண்டு, ஒரு நாள் காலை மகனை இடுப்பில் வைத்தபடியே பீலியில் ஒரு போத்தல் தண்ணீர் பிடித்து, அவனை மாமியாரிடம் விட்டுவிட்டு வேலைக்குப் போனேன். மூலக்கூறுகளின் நிறையை அளக்கும் இயந்திரத்தில் போட்டதும் கண் கலங்கிவிட்டது. களைமருந்தின் மூலக்கூறுக்கு என்ன நிறையோ, அதே நிறையில் திரையில் ஒரு கோடு எழுந்து நின்றது.

கூட வேலை செய்யும் யாழ்ப்பாணத்துத் தோழி எட்டிப் பார்த்தாள். "ஏன் அழுறீர்? நிறை ஒண்டெண்டா ஆளும் ஒண்டே? நீரும் நானும் ஒரே நிறைதான். உடைச்சுப் பாரும்."

தினமும் செய்கிற வேலைதான், பயத்தில் மறந்துபோனேன். மின்னேற்றிய மூலக்கூறை ஆர்கன் வாயுவின் அணுக்களோடு மோதவிட்டால் அது உடையும். ஒவ்வொன்றும் உடைகிற விதம் வேறு. மோதவிட்டேன். வந்த துண்டுகளில் ஒன்றுகூடக் களைமருந்தினுடையது இல்லை.

அப்படியானால் இது என்ன? மறுநாள் தனியாகப் போய்ப் பிடித்த தண்ணீரில் அந்தக் கோடே இல்லை. முதல் நாள் இருந்து மறுநாள் இல்லாமல் போனது எது? மகன்! போத்தல் நிறையும்போது குனிந்து தண்ணீரை அடித்து விளையாடினான். அவன் மணிக்கட்டில் மாமியார் கட்டிய வசம்பு. அதில் ஒரு துணுக்கை ஊறவைத்து அந்தத் தண்ணீரையும் சோதித்தேன். அதே நிறை, அதே துண்டுகள்.

மாமியாரிடம் சொன்னதும் சிரித்தார். "பாத்தியா, வசம்பு இருக்கையில எந்த மருந்தும் புள்ளைய அண்டாது!"

"அதில்லீங்க மாமி, கைய வாயில வைக்கிறானே, இது உள்ள போனா?"

"ஒனக்குக் கவலைப்பட ஒண்ணு கெடைச்சிருச்சா? சரி, கால்ல கட்டிவிடுறேன்."

"காலையுந்தானே வாயில வைக்கிறான்!"

கடைசியில் வசம்பு அரைஞாண் கயிற்றுக்குப் போனது.

இன்றும் அவன் லேசாக இருமினால் என் மனதில் அந்தக் கோடு எழுகிறது; ஆனால் நிறையை மட்டும் பார்த்து அழுவதில்லை, ஒரு தடவை உடைத்துப் பார்த்துவிட்டுத்தான் பயப்படுகிறேன்.