சொளவு டைரக்டர்

'டப்' என்று ஒரு சத்தம். காய்ந்த புளியம்பழத்தின் ஓடு விரலுக்குள் உடைவது போல இருக்கும். கூடவே திரையின் குறுக்கே ஒரு வெள்ளைக் கோடு மின்னி மறையும். சங்கரன்கோவிலில் எங்கள் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில் இருந்த கொட்டகையில், சனிக்கிழமை மேட்னியில், இடைவேளைக்குக் கொஞ்சம் முன்னாலோ பின்னாலோ அந்தச் சத்தம் வந்ததும் நான் நிமிர்ந்து உட்காருவேன். மற்ற டைரக்டர்கள் டைட்டிலில் பெயர் போட்டுக்கொள்கிறார்கள், இவர் படத்துக்கு நடுவில் ஒரு சத்தத்தால் கையெழுத்துப் போடுகிறார் என்பது என் கண்டுபிடிப்பு. இந்தக் கண்டுபிடிப்பை வைத்துப் பின்னாளில் மூன்று கட்டுரைகள் எழுதியிருக்கிறேன் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். கடைசியில் சொன்னால் அடி பலமாக விழும்.

அவருடைய பெயர் இங்கே வேண்டாம். எங்கள் ஊரில் அவர் "சொளவு டைரக்டர்". மற்ற ஊர்க்காரர்கள் முறம் என்பதை நாங்கள் "சொளவு" என்போம். அவர் எந்தப் படம் எடுத்தாலும் முதல் அரைமணி நேரத்துக்குள் ஓர் அம்மா முற்றத்தில் உட்கார்ந்து அரிசி புடைப்பாள். பின்பாதியில் அந்தச் சொளவு சுவரில் ஓர் ஆணியில் தொங்கும், அம்மா இருக்கமாட்டாள். இது தவிர, அவர் படங்களில் மழை பெய்தால் ஒரே ஓர் ஆள்தான் நனைவார். கடிதம் வந்தால், எழுதியவரே வந்து காதருகில் வாசிப்பார். கதாநாயகனுக்கு எவ்வளவு கோபம் வந்தாலும் யாரையும் அறையமாட்டான், வாசலில் கோணலாகக் கிடக்கும் செருப்புகளை நேராக எடுத்து வைப்பான். பஸ் கண்டக்டர்கள் அத்தனை பேரும் ஞானிகள். வில்லன் என்று தனியாக ஒருவர் கிடையாது. மாமாக்கள் இருந்தார்கள், அவர்களே போதுமானவர்களாக இருந்தார்கள்.

எனக்கு ஒன்பது வயதில் அம்மா இறந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து செய்தி வந்த காலையிலேயே என்னை வாசுதேவநல்லூரில் அத்தை வீட்டுக்கு பஸ் ஏற்றிவிட்டார்கள். அத்தையின் மாமியார் வாங்கிக் கொடுத்த ஆரஞ்சு மிட்டாய்களைத் தின்றுகொண்டு, கண்மாய்க்கரையில் பதினாறு நாள் விளையாடிவிட்டுத் திரும்பி வந்தபோது எங்கள் வீட்டுச் சுவரில் சொளவு ஆணியில் தொங்கியது. அதற்குமுன் அதை அங்கே மாட்டி நான் பார்த்ததில்லை; அம்மா அடுப்பங்கரை மூலையில்தான் சாய்த்து வைப்பாள். அம்மா என்ன ஆனாள் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

அதே வருஷம் ஆடித்தபசுத் திருவிழா சமயத்தில் அந்த டைரக்டரின் படத்துக்குப் போஸ்டர் ஒட்டினார்கள். போஸ்டரில் ஓர் அம்மா சொளவை மடியில் வைத்துக்கொண்டு, படம் பிடிப்பவரை யாரென்று கேட்பது போல நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் படத்துக்குப் போகணும் என்று அப்பாவிடம் நின்றேன். அப்பா ஒரு சர்க்கார் ஆபீஸில் கிளார்க். சினிமா பிடிக்காது, சினிமாக் கொட்டகைகளின் லைசென்ஸ் ஃபைல்களை மட்டும் வரி விடாமல் படிப்பார். அவர் ஒரு வாரம் கழித்து, ஒரு சனிக்கிழமை மத்தியானம் சட்டையை மாட்டிக்கொண்டு "வா" என்றார்.

படத்தில் அம்மா புடைத்தாள், இருமினாள், மகனைக் கூப்பிட்டாள். 'டப்'. சொளவு சுவரில் தொங்கியது. மகன் வளர்ந்து மீசை வைத்துக்கொண்டு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தான். எனக்கு அது முழுக்கப் புரிந்தது. அந்தக் கொட்டகையில் அன்றைக்கு அந்தப் படம் புரிந்தது எனக்கு ஒருவனுக்குத்தான் என்று இப்போது தோன்றுகிறது. மற்றவர்கள் வெளியே வரும்போது, படம் நல்லாத்தான் இருக்கு, அந்தம்மா எங்க போனாங்கிறதுதான் வெளங்கல என்று பேசிக்கொண்டே சைக்கிளை எடுத்தார்கள். அந்த டைரக்டர் எல்லாப் படங்களிலும் அம்மா வேஷத்துக்கு ஒரே நடிகையைத்தான் போடுவார். ஆகவே இந்தப் படத்தில் காணாமல் போனவள், அடுத்த படத்தில் வேறு புடவையில் வந்து, தொங்கிய சொளவை எடுத்துப் புடைக்க ஆரம்பிப்பாள். அப்பா என்னை அவருடைய எல்லாப் படங்களுக்கும் அழைத்துப் போனார். எல்லாவற்றிலும் அந்த 'டப்' வந்தது. இவர் படங்களில் யாரும் சாவதில்லை, அடுத்த காட்சியில் இல்லாமல் இருக்கிறார்கள், அவ்வளவுதான் என்று நான் முடிவுகட்டினேன்.

அந்த முடிவுக்கு வினையாக வந்தவள் அத்தை மகள் செல்வி மதினி. என்னைவிட இரண்டு வயது மூத்தவள், வாய் நான்கு வயது மூத்தது. அடுத்த முழுப்பரீட்சை லீவுக்கு வந்திருந்தவள், புளியங்குடியில் அந்த ஆடித்தபசுப் படத்தைப் பார்த்ததாகவும் அழுது அழுது தலைவலி வந்ததாகவும் பெருமையடித்தாள். எதற்கு அழுதாய் என்று கேட்டேன்.

"அம்மாக்காரி செத்துப் போறால்லலே. பாடை கட்டி, சங்கு ஊதித் தூக்கிட்டுப் போறாவ. ரெண்டு கண்ணாலயும் பாத்தேன்."

"சாகல. எங்கயோ போயிருக்கா."

"சொளவ மாட்டிட்டு எங்கலே போவா? எலுமிச்சங்காய் ஏவாரத்துக்கா?"

சாதாரணமாக நான் செல்வி மதினியிடம் தோற்பதற்கு வெட்கப்படுகிறவன் இல்லை. அதில் எனக்கு நல்ல பழக்கம் இருந்தது. ஆனால் அன்றைக்குத் தோற்றால், சாகப்போவது சினிமாவில் வரும் அம்மா மட்டும் இல்லை என்று எனக்குத் தெரிந்தது. பேப்பர் படித்துக்கொண்டிருந்த அப்பாவிடம் வழக்கைக் கொண்டுபோனேன். அவர் பேப்பரைக் கீழே இறக்காமலே தீர்ப்புச் சொன்னார்.

"புளியங்குடியில செத்திருப்பா. இங்கன சாகல."

செல்வி மதினி வாயைத் திறந்து, எதையோ நினைத்துக்கொண்டவளாக, என்னைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டாள். அவள் வாழ்க்கையில் அப்படிச் செய்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். நான் ஜெயித்துவிட்டதாக எடுத்துக்கொண்டேன்.

அந்த வெற்றியில்தான் என் இலக்கிய வாழ்வு தொடங்கியது என்று சொல்ல வேண்டும். 'மரணத்தைக் காட்டாத கலைஞன்' என்று சிறுபத்திரிகையில் எழுதினேன். அந்த 'டப்' ஒலியின் மௌனத்தைப் பற்றி எழுதினேன். இவர் எந்தப் படத்தைப் பார்த்தார் என்று ஆசிரியருக்குக் கடிதங்கள் வந்தன. படங்களை மறுபடி பார்க்காமலே, வாசகர்களின் ரசனைக் குறைவு என்று பதில் போட்டேன். நாலு வருஷத்துக்கு முன் அப்பா இறந்தபோது, சுடுகாட்டிலிருந்து வந்து குளித்துவிட்டு அவருடைய குடையை ஆணியில் மாட்டினேன். கல்லு மாதிரி இருக்கான் பாரு என்று சொந்தத்தில் பேசிக்கொண்டார்கள். எனக்கு அது சொளவு டைரக்டரின் பாணியாகப்பட்டது.

சென்ற மாதம் அவருடைய படங்களைப் பற்றி ஒரு கூட்டத்தில் பேசக் கூப்பிட்டார்கள். ஞாபகத்துக்காக, அந்த ஆடித்தபசுப் படத்தைப் போனில் போட்டேன். அம்மா புடைத்தாள், இருமினாள், மகனைக் கூப்பிட்டாள். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். 'டப்' வரவில்லை. அவள் மறுபடியும் இருமினாள். போனை அணைத்துவிட்டு ஊருக்கு பஸ் ஏறினேன்.

கொட்டகை இருந்த இடத்தில் கல்யாண மண்டபம் இருக்கிறது. ஆபரேட்டராக இருந்த முத்தையா அண்ணாச்சி, மகனுடைய செல்போன் கடை வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நான் யார் என்று சொன்னதும், அந்தச் சத்தத்தைப் பற்றி நான் கேட்கும் முன்பே அவரே ஆரம்பித்தார்.

"ஒங்கப்பா ஒரு காப்பி வாங்கிக் குடிச்சதில்ல, தம்பி. லைசென்ஸ் பைல் முடிஞ்ச அன்னைக்கு, என்ன வேணும்னு கேட்டுட்டு வான்னு மொதலாளி என்னை அனுப்புனாரு. ஒண்ணும் வேண்டாம்னுட்டாரு. பொறவு வாசல் வரைக்கும் கூடவே வந்து, 'வே, அடுத்து வாற படத்துல அம்மாக்காரி சாகுதாளாமே. பயலக் கூட்டிட்டு வரலாம்னு இருக்கேன்'ன்னாரு. அம்புட்டுதான்."

வெள்ளிக்கிழமை காலையில், முதல் காட்சிக்கு முன்பே, அம்மா சாகிற துண்டை வெட்டி எடுத்துவிட்டு இரண்டு முனைகளையும் ஒட்டியிருக்கிறார். படப்பெட்டி ஊரைவிட்டுப் போகும்போது பழையபடி சேர்த்திருக்கிறார். ஃபிலிமில் ஒட்டுப்போட்ட இடம் மிஷினில் ஓடும்போது எழுகிற சத்தம்தான் நான் மூன்று கட்டுரைகளில் கொண்டாடியது. அடுத்தடுத்த படங்களுக்கு யாரும் சொல்லாமல் அவராகவே வெட்டியிருக்கிறார். நான் கல்லூரிக்குப் போகும் வரைக்குமா வெட்டுவீர்கள் என்று கேட்டேன்.

"போதும்னு ஒங்கப்பா சொல்லலியே" என்றார்.

அப்பா வாழ்நாளில் வாங்கிய ஒரே லஞ்சம் அது. அதற்காக ஓர் ஊரே பத்து வருஷம் ஒரு சாவையும் பார்க்காமல், அந்தம்மா எங்கே போனாள் என்று கேட்டபடி வீட்டுக்குப் போயிருக்கிறது. அந்த டைரக்டரின் தனித்தன்மை என்று நான் எழுதியதில் மழையும் மாமாக்களும் கண்டக்டர்களும் அவருடையவை. மிச்சம், நான் உயர்வாகச் சொன்னது அத்தனையும், சினிமா பிடிக்காத ஒரு கிளார்க்குடையது. கூட்டத்தில் இதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

பஸ்ஸுக்கு நேரமிருந்தது. பூட்டிக்கிடந்த எங்கள் வீட்டைத் திறந்து, அப்பாவின் குடை தொங்கிய சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, விட்ட இடத்திலிருந்து படத்தைப் போட்டேன். விமர்சகனாகச் சொன்னால் அந்தக் காட்சி மோசமானது. நீளம் அதிகம், வயலின் அதிகம், சங்கு ஊதுகிறவர் கேமராவைப் பார்க்கிறார், பாடை வாசலில் திரும்பவே ஒரு நிமிடம் எடுத்துக்கொள்கிறது. பதினோரு நிமிடம். தள்ளிவிட்டுப் பார்க்க ஒரு விரல் போதும். விரலைத் தூக்கவில்லை. கடைசிவரைக்கும் 'டப்' வரவே இல்லை.