கதிரேசன் பங்களாவில் குறை தேடப் போனேன்

கதிரேசன் எங்கள் பட்டாசு கம்பெனியில் எனக்குக் கீழே பத்து வருஷம் வேலை பார்த்தவன். கொரோனாவுக்குப் பிறகு வேலையை விட்டுவிட்டு, ராஜபாளையத்துக்கு மேற்கே மலையில் பாழாய்க் கிடந்த ஒரு எஸ்டேட் பங்களாவைக் குத்தகைக்கு எடுத்து, புதுப்பித்து, கெஸ்ட் ஹவுஸ் ஆக்கினான். சென்னை ஆட்கள் கார் போட்டு வந்து தங்குகிறார்கள் என்று கேள்விப்பட்டதிலிருந்து எனக்கு வயிற்றெரிச்சல். நான் இன்னும் போர்மேன்தான்.

தீபாவளி சீசன் முடிந்ததும் வெளியூர் ஏஜெண்டுகளை முதலாளி எங்காவது தங்கவைத்து உபசரிப்பார். "கதிரேசன் எடம் எப்பிடின்னு ஒரு நாள் தங்கிப் பாத்துச் சொல்லுய்யா. நீ சரின்னா முடிச்சிரலாம்" என்றார். அவனுக்கு வரவேண்டிய பெரிய ஆர்டர் என் வாயில் இருந்தது. எனக்கு அது இனித்தது.

"வாங்கண்ணே, வர மாட்டீகன்னுல்ல நெனச்சேன்" என்று பையை வாங்கிக்கொண்டான். குழம்பில் உப்பு பார்த்தேன், சரியாக இருந்தது. மெத்தையைப் புரட்டினேன். கட்டிலுக்கு அடியில் குனிந்தேன்.

"என்னண்ணே தேடுதீக?"

"ஒண்ணுமில்லலே, செருப்பு."

தூசிகூட இல்லை, பாவி. கடைசியில்தான் கதவுகள் கண்ணில் பட்டன. காலையில் முதலாளிக்கு போன் போட்டேன்.

"கிறுக்குப்பய எடம் மொதலாளி. ஒவ்வொரு ரூமுக்கும் எதிரும் புதிருமா ரெண்டு கதவு, ரெண்டும் வெளிப்பக்கமாத் தொறக்கு. வாசல்ல தண்ணி வாளி, மணல் வாளி. ரூமுக்கு நாலு பேருக்கு மேல விட மாட்டேங்கான். ஏஜெண்டுமாரு சிரிப்பாக."

முதலாளி குறுக்கிட்டார்.

"நம்ம ஷெட்டு மாதிரியே செஞ்சிருக்கான்னு சொல்லு."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. தீப்பிடித்தால் எந்தப் பக்கமும் ஓடித் தப்பிக்கத்தான் வெடிமருந்து ஷெட்டில் அப்படிக் கதவு வைப்போம்; வாளியும் நாலு பேர் கணக்கும் அதற்குத்தான். முப்பது வருஷமாக நான் பார்க்கிற கதவு. எரிச்சலில் அது குறையாகத் தெரிந்திருக்கிறது.

"மூணு நாளைக்கு எடத்தப் பேசி முடிச்சிரு" என்றார். "ஆமா, நம்ம பேக்கிங் ஷெட்டுல பின்கதவு இப்பத் தொறக்குமாய்யா?"

திறக்காது. இடமில்லை என்று அட்டைப்பெட்டியை அதில் சாய்த்து அடுக்க வைத்தவன் நான்தான். "பாத்துச் சொல்லுதேன் மொதலாளி" என்று போனை வைத்தேன்.

கதிரேசன் காபியோடு வந்தான். "மொதலாளி என்ன சொன்னாகண்ணே?"

"மூணு நாளைக்கு எடுத்துக்கிடச் சொன்னாக."

என் கையைப் பிடித்துக்கொண்டான். "நீங்க நல்லதாச் சொல்லிருப்பீக, அதான்."

போர்மேனாக வரும் தம்பிகளுக்கு நான் சொல்வது இதுதான்: யார் மேலாவது எரிச்சல் இருந்தால் அவன் வேலையைப் பற்றி ரிப்போர்ட் கொடுக்கப் போகாதீர்கள், வேறு ஆளை அனுப்பச் சொல்லுங்கள். ஊர் திரும்பிய அன்றே பெட்டிகளை எடுத்துவிட்டேன். போனில் என்ன சொன்னேன் என்பதைக் கதிரேசனிடம் இன்னும் சொல்லவில்லை. பார்க்கும்போதெல்லாம் நன்றி சொல்கிறான்.