வண்டல் என்று நினைத்துக் கொட்டியது

நான் வேலை பார்ப்பது ஒரு எம்-சாண்ட் தொழிற்சாலையில். பாறையை உடைத்து, அரைத்து, கழுவி, ஆற்று மணலுக்குப் பதிலாக விற்கிறோம். செஞ்சி வட்டாரத்தில் எதற்குப் பஞ்சம் வந்தாலும் கல்லுக்கு வராது. எனக்கு அங்கே ‘என்விரான்மென்ட் மேடம்’ என்று பெயர். வேதியியல் படித்துவிட்டு டீச்சர் வேலைக்கு அலைந்து அலுத்துப்போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்தவள் நான். என்னைப் பார்த்ததும் டிப்பர் டிரைவர்கள் தார்ப்பாயை இழுத்துக் கட்டுவார்கள். எனக்காகக் கட்டுகிறார்கள், ஊருக்காக இல்லை என்று தெரிந்தும் சும்மா இருக்கப் பழகிக்கொண்டேன்.

ஒரு விஷயத்தில் மட்டும் சும்மா இருக்க முடியவில்லை. நான் சேர்ந்த சமயத்தில் மணல் கழுவிய தண்ணீர் நேராக வாய்க்காலில் போய்க்கொண்டிருந்தது. கஞ்சி மாதிரி வெள்ளையாக ஓடி ஏரியில் கலக்கும். மாடுகள் வாய் வைக்காது. தொட்டிகள் கட்டி, தெளிந்த தண்ணீரைத் திரும்பவும் கழுவப் பயன்படுத்தலாம், அடியில் தங்கும் சேற்றை மெஷினில் பிழிந்து எடுத்துவிடலாம் என்று முதலாளியிடம் நச்சரித்தேன். அவர் என்னைக் கண்டாலே போனை எடுத்துக் காதில் வைத்துக்கொள்கிற அளவுக்கு நச்சரித்தேன். கடைசியில் தொட்டியும் வந்தது, மெஷினும் வந்தது. வாய்க்கால் தெளிந்த அன்று நான் வேலை முடிந்தும் வீட்டுக்குப் போகாமல் அதன் கரையில் நின்றுகொண்டிருந்தேன். அவ்வளவு பெருமை எனக்கு.

ஆனால் பிழிந்தெடுத்த சேறு மிஞ்சியது. அதை கேக் என்போம். பெயர்தான் கேக். சாம்பல் நிறத்தில், ஈரமாக, கையில் எடுத்தால் வெண்ணெய் மாதிரி வழுக்கும் கல் மாவு. தினமும் விழுந்து விழுந்து காம்பவுண்டுக்குள்ளேயே ஒரு மேடாகிவிட்டது. காய்ந்தால் மேல்மாவு பறக்கும், மழை பெய்தால் கரைந்து ஓடும். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு அனுப்பும் ஆண்டு அறிக்கையில் ‘கழிவு எப்படி அகற்றப்பட்டது’ என்ற கட்டத்துக்கு நேரே எழுத என்னிடம் ஒன்றும் இல்லை.

அந்தச் சமயத்தில்தான் அடுத்த நிலத்து அக்கா கம்பெனி கேட்டுக்கு வந்தார். அவருடைய நிலம் எங்கள் காம்பவுண்டை ஒட்டி இருக்கிறது. மொத்தமே ஒரு ஏக்கர். வீட்டுக்காரர் பெங்களூரில் கொத்து வேலை, வருடத்துக்கு இரண்டு தடவை வருவார். இந்த அம்மாள் ஒற்றையாளாக மணிலா போடுவார். எங்கள் பக்கத்தில் வேர்க்கடலைக்கு அதுதான் பெயர். எங்கள் தூசியைப் பற்றி என்னிடம் பலமுறை சண்டை போட்டிருக்கிறார், ஆகவே நல்ல பழக்கம்.

“இன்னா மேடம், வண்டல இப்டி மேடு போட்டு வெச்சிருக்கீங்க?” என்றார்.

கோடையில் ஏரி வண்டலை வாங்கி நிலத்தில் அடிப்பது எங்கள் ஊர் வழக்கம். அதற்கு மனு எழுதி, தாலுகா ஆபீசுக்கு நடந்து, உத்தரவு வருவதற்குள் சில வருடம் மழையே வந்துவிடும். இந்த அக்காவுக்கு அந்த வருடம் அப்படித்தான் கைவிட்டுப் போயிருந்தது. நிறத்தில், வழவழப்பில் எங்கள் கேக் அசல் வண்டல் மாதிரியே இருக்கும்.

“வண்டல் இல்லக்கா, கல்லு மாவு” என்றேன்.

“நெலத்துக்குப் போடலாமா?”

என் மேசையில் பரிசோதனை அறிக்கை இருந்தது. விஷம் இல்லை, உப்பு இல்லை, கார அமிலம் எல்லாம் சரியாக இருந்தது. மனதுக்குள் அறிக்கையின் காலிக் கட்டம் நிரம்பிக்கொண்டிருந்தது.

“தாராளமா போடலாம்க்கா. கெமிக்கல் எதுவும் கெடையாது. டெஸ்ட் பண்ணிட்டோம்.”

அவர் மறு கேள்வி கேட்கவில்லை. கம்பெனி டிப்பரிலேயே அனுப்பினேன். நிலத்தில் பாதிக்கு, நல்ல பாதியாகப் பார்த்து, கொட்டச் சொன்னார். டிப்பர் பக்கத்தில் அவரை நிற்க வைத்து ஒரு போட்டோ எடுத்தேன். முந்தானையைச் சரிசெய்துகொண்டு சிரித்தார். அந்தப் போட்டோ அறிக்கையில் போயிற்று. கழிவு முழுவதும் விவசாயத்துக்குப் பயன்படுகிறது என்று கீழே எழுதியவள் நான்தான்.

அந்த வருடம் அவர் நூறு நாள் திட்டத்து ஏரி வேலைக்குக்கூடப் போகவில்லை. முழு நேரமும் நிலத்திலேயே கிடந்தார். ஆடியில் மழை விழுந்ததும் விதைத்தார். செடி நன்றாகவே வந்தது. பூ விட்டது. அப்புறம் ஒரு வாரம் வெயில் அடித்தது.

ஒரு காலை நேரத்தில் என்னைக் கூப்பிட்டார். போய்ப் பார்த்தேன். கேக் போடாத பாதியில் மண் பொலபொலவென்று இருந்தது. போட்ட பாதி சிமென்ட் பூசிய தரை மாதிரி இறுகிக் கிடந்தது. வெடிப்புகூட இல்லை, ஒரே வழவழப்பு. அக்கா ஒரு செடியைத் தூக்கிக் காட்டினார். மணிலாச் செடிக்குப் பூ உதிர்ந்த பிறகு விழுது இறங்க வேண்டும், அது மண்ணுக்குள் போனால்தான் காய். இங்கே விழுதெல்லாம் தரையை முட்டி, உள்ளே போக வழியில்லாமல், நுனி கறுத்துத் தொங்கிக்கொண்டிருந்தது.

“மழ விட்டு விட்டு பேஞ்சிதில்ல, அதான் இறுகிப்போச்சு. என் நேரம்” என்றார்.

மழை இரண்டு பாதிக்கும் சேர்த்துத்தானே பெய்தது? மாவு மாதிரி நைசான கல் நனைந்து காய்ந்தால் இறுகும் என்பது எனக்குத் தெரியாத விஷயம் இல்லை. அந்த மேட்டின் மேல் நடந்தே பார்த்திருக்கிறேன். என் அம்மா கடலை பிடுங்கும் கூலி வேலைக்குப் போய்த்தான் என்னைப் படிக்க வைத்தார். விழுது இறங்க மண் இளக வேண்டும் என்று மூன்றாம் வகுப்பிலேயே எனக்குத் தெரியும். விஷம் இருக்கிறதா என்று சோதித்தேனே தவிர, அது மண்தானா என்று நான் கேட்டுக்கொள்ளவே இல்லை.

ஆனாலும் “ஆமாக்கா, மழ சரியில்ல” என்று சொல்லிவிட்டு வந்தேன். இதை எழுதும்போதும் கூசுகிறது.

முதலாளியிடம் சொன்னேன். கெட்டவர் இல்லை, கணக்காகப் பேசுகிறவர். “அந்தம்மாவே மழன்னு சொல்லுது. நீ ஏம்மா வலியப் போயி பழிய ஏத்துக்குற? நாளைக்கு ஊரே வந்து கேட்டுல நிக்கும்” என்றார். அவர் சொன்னது தப்பென்று உடனே எதிர்த்துப் பேசினேன் என்று எழுத ஆசைதான். பேசவில்லை. இரண்டு நாள் அந்தச் சொல்லுக்குள் ஒளிந்துகொண்டேன். மூன்றாம் நாள் ஜன்னல் வழியாகப் பார்த்தபோது, அக்கா தனியாக உட்கார்ந்து களைக்கொத்தால் ஒவ்வொரு செடியின் தூரையும் சுற்றி இறுகிய தரையை உடைத்துக்கொண்டிருந்தார். அரை ஏக்கர். ஒரு ஆள், ஒரு கொத்து.

செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கிப் போனேன்.

“அக்கா, மழையால இல்ல. நான் குடுத்த கல்லு மாவாலதான். போடலாம்னு நான்தான் சொன்னேன். தப்பு என்னுது.”

அவர் கொத்தை நிறுத்தவில்லை. “அன்னைக்கே எனக்கு ஒரு மாதிரிதான் இருந்துச்சு” என்றார். “கையில எடுத்தப்போ மண்ணு வாசனையே வரல. நீ படிச்ச பொண்ணு, உனக்குத் தெரியாதான்னு விட்டுட்டேன்.”

திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டு போயிருப்பேன். இதை எப்படி வாங்கிக்கொள்வது என்று தெரியவில்லை. லீவு போட்டுவிட்டு நானும் ஒரு கொத்தை எடுத்துக்கொண்டு எதிர்வரிசையில் உட்கார்ந்தேன். அன்று மாலையே என் கை கொப்பளித்துவிட்டது. “இந்தக் கைய வெச்சிக்கினு இன்னா பண்ணுவ, போ” என்றார். போகவில்லை. உடைக்க முடிந்த வரை உடைத்தோம். அறுவடையில் அந்தப் பாதி கிட்டத்தட்ட உள்ளே பருப்பில்லாத பொக்குதான். ஒரு செடிக்கு ஒன்று, இரண்டு என்று காய் வந்தது.

அனுப்பிய அறிக்கையில் இருந்த அந்த வரியை நீக்கச் சொல்லி, கேக் நிலத்துக்கு ஆகாது, கொடுத்தது தவறு என்று திருத்தம் எழுதி முதலாளியின் கையெழுத்துக்கு வைத்தேன். கத்தினார். போடுங்கள், இல்லையென்றால் வேறு ஆளைப் பாருங்கள் என்று நானும் கத்தினேன். கடைசியில் போட்டார். இப்போது கேக் எல்லாம், தோண்டி முடித்த எங்கள் பழைய குவாரிப் பள்ளத்தை நிரப்பப் போகிறது. ஊர் கேட்டில் வந்து நிற்கும் என்றாரே, அப்படி யாரும் வந்து நிற்கவில்லை.

உழுது கலந்துவிட்ட கல் மாவை நிலத்திலிருந்து பிரிக்க முடியாது. தொழு உரமும் நல்ல வண்டலும் போட்டுப் போட்டு மெதுவாகத்தான் இளக்க வேண்டும். அடுத்த கோடையில் மனு எழுதி, தாலுகா ஆபீசுக்கு நானே நடந்து, உத்தரவு வாங்கி, ஏரி வண்டலைக் கம்பெனி டிப்பரில் ஏற்றி முன்சீட்டில் உட்கார்ந்து கொண்டுபோனேன். அக்கா வரப்பிலேயே கையைக் காட்டி நிறுத்தினார்.

“இது ஏரியில எடுத்ததுக்கா. நான் கூடவே நின்னு ஏத்தினேன்” என்றேன்.

அவர் டிப்பரின் பின்பக்கம் ஏறி ஒரு கை அள்ளினார். மூக்கருகே வைத்து முகர்ந்தார். சொம்புத் தண்ணீர் விட்டுப் பிசைந்து, வடை மாதிரி தட்டி, வெயிலில் கிடந்த பாறைமேல் வைத்தார். “காயட்டும்” என்றார். “எவ்ளோ நேரம்மா நிக்கிறது, எனக்கு அடுத்த லோடு இருக்குது” என்று டிரைவர் முனகினார். “நில்லு” என்றார் அக்கா. புங்கமரத்தடியில் மூன்று பேரும் உட்கார்ந்திருந்தோம். உச்சி வெயில் வந்த பிறகு எழுந்துபோய் அதை எடுத்தார். வெடித்திருந்தது. விரலால் அழுத்தினார், உதிர்ந்தது.

டிரைவரைப் பார்த்து, கொட்டச் சொல்லிக் கையைக் காட்டினார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

“கோச்சிக்காத பொண்ணு. இனிமே நீ சொன்னாலும் நான் பாத்துட்டுதான் போடுவேன்.”

“பாத்துட்டே போடுங்கக்கா” என்றேன்.