அய்யாவு என்ற ஸ்டேஷனுக்குப் போன வேகன்

எட்டு வயதில் வந்த மலேரியாவில் பிழைத்தான். எங்கள் தோட்டத்து லயத்து வீடுகளில் அந்த வருடம் ஏழு பிள்ளைகள் போய்விட்டன. உயரம் ஒன்றரை அங்குலம் குறைவு என்று இரண்டு முறை திருப்பி அனுப்பியும், மூன்றாம் முறை ரயில்வேயில் சேர்ந்தான். பதினேழு வருடம் பாயிண்ட்ஸ்மேன். அவன் தண்டவாளம் மாற்றிவிட்டு ஒரு வண்டிகூடத் தடம் புரண்டதில்லை. ஆட்குறைப்பிலும் வேலையைக் காப்பாற்றிக்கொண்டான். அவன் என் தம்பி அய்யாவு.

அவன் வேலை பார்த்தது சுங்கை கெலாடி ஸ்டேஷனில். மலாயாவில், கிள்ளானுக்கு வடக்கே ரப்பர் தோட்டங்களுக்குள் போன கிளைப்பாதையில் இருந்தது. 1914 மார்ச்சில் திறந்தார்கள். தகரக் கூரை, ஒரு பிளாட்பாரம். ரப்பர் பெட்டிகள் போகும். அரிசியும் கருவாடும் வரும். பிறகு தார் ரோடு வந்தது, பெட்டிகள் லோரியில் ஏறின. நாளுக்கு நான்கு வண்டி என்பது வாரத்துக்கு மூன்று ஆயிற்று. 1931 அக்டோபரோடு மூட உத்தரவு வந்தது.

அங்கிருந்த ஆறு பேரில் ஒருவருக்கு மட்டும் ரயில்வே யார்டில் வேலைக்கு இடம்; மற்றவர்களுக்கு நாகப்பட்டினத்துக்குக் கப்பல் சீட்டு. மூப்புப்படி இடம் தம்பிக்குத்தான். ஆனால் யார்டு ரிஜிஸ்தரில் கையெழுத்துப் போட வேண்டும், பெருவிரல் ரேகை செல்லாது. தம்பி அதுவரை ரேகைதான் வைத்துவந்தான். அவன் மனைவி மாரியாயி கிள்ளானில் பிறந்தவள். நாகப்பட்டினத்தில் அவளுக்கு ஒருவரையும் தெரியாது.

அவனுக்கு எழுத்து அடியோடு தெரியாது என்றும் சொல்ல முடியாது. வேகன் போக வேண்டிய ஊரை அதன் இரண்டு பக்கத்திலும் சாக்குக்கட்டியால் எழுதுவது அவன் வேலை. ஸ்டேஷன் மாஸ்டர் வாலண்டைன் சீட்டில் இங்கிலீஷில் எழுதிக் கொடுப்பார். இவன் அதைப் பார்த்துச் சாண் உயரத்துக்கு எழுதுவான். நானும் அவன் பெயரை அப்படியே இங்கிலீஷில், ஆறு எழுத்தாக, சீட்டில் எழுதிக் கொடுத்தேன். பேனா அவனுக்கு ஒத்துவரவில்லை. வேகன்களின் மேல் எழுதிப் பழகினான். ஒரு நாள் ரப்பர் ஏற்றிய வேகனில் ஒரு பக்கம் துறைமுகத்தின் பெயர், மறு பக்கம் தன் பெயர். அழிக்க மறந்து அனுப்பிவிட்டான்.

மூன்றாம் நாள் இன்ஸ்பெக்டர் வந்து இறங்கினார்.

"அய்யாவுன்னு ஒரு ஸ்டேஷன் எங்க இருக்கு? கெமாஸ் வரைக்கும் லிஸ்டுல தேடிட்டோம்."

வாலண்டைன் தம்பியைக் காட்டினார். "இந்தா நிக்குது, சார். ஜங்ஷன் இல்ல, சின்ன ஸ்டேஷன்தான்."

தம்பி கையெடுத்துக் கும்பிட்டான். "மன்னிச்சிருங்கய்யா. கையெழுத்துப் பழகினேன்."

"கிறுக்கியிருந்தா அன்னைக்கே மறு பக்கம் போய்ப் பாத்திருப்பாங்க. தெளிவா எழுதித் தொலைச்சிருக்க. இத புக்குல எழுத வேண்டியதுதானே?"

"புக்கு சின்னதா இருக்குங்கய்யா."

இன்ஸ்பெக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னார்: "மூடுற அன்னைக்குச் சாமான் லிஸ்டுல நீதான் கையெழுத்துப் போடணும். ஒரு கோட்டுக்குள்ள அடங்கினா யார்டு உனக்கு. இல்லன்னா கப்பல்தான்."

அதன்பின் எழுத்து நாளுக்கு நாள் சிறுத்தது. சாண் நான்கு விரலாயிற்று, பிறகு இரண்டு விரல். கடைசி வாரம் பேனாவுக்கு வந்தான்.

மூடும் நாளன்று நான் குடியிருந்த பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து போயிருந்தேன். விளக்கு ஆறு, கொடி நான்கு, மணி ஒன்று என்று லிஸ்ட் படித்தார்கள். தம்பி நின்றபடியே பேனாவைப் பிடித்தான்.

"உக்காந்து எழுதுங்களேன். அது என்ன வேகனா, ஓடிப்போறதுக்கு?" என்றாள் மாரியாயி.

அவன் உட்காரவில்லை. ஆறு எழுத்தையும் ஒவ்வொன்றாக வைத்தான். கடைசி எழுத்து கோட்டைத் தொட்டது, தாண்டவில்லை. இன்ஸ்பெக்டர் மை ஒற்றிவிட்டு, பக்கத்தில் தன் கையால் தேதி போட்டார்: 1931 அக்டோபர் 31, சனிக்கிழமை.