மொட்டை போடப் போன இடத்தில்

1976-ஆம் வருடம், ஆடிப்பெருக்கு. எமர்ஜென்சி நடந்துகொண்டிருந்த நேரம். நல்லம்பள்ளிப் பக்கம் எங்கள் ஊர். என் இரண்டு பையன்களுக்கும் வேண்டுதல் மொட்டை போட ஒகேனக்கல் போயிருந்தோம். வீட்டுக்காரருக்கு லீவு கிடைக்கவில்லை. எப்படியும் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தானே மொட்டை போட வேண்டும் என்று என் தம்பியைக் கூட்டிக்கொண்டு போனேன். அவனுக்கு வைகாசியில்தான் கல்யாணம் ஆகியிருந்தது. ஆடி என்பதால் புதுப்பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துப் போயிருந்தார்கள்.

தம்பியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். தாலுகா ஆபீஸில் தற்காலிகப் பியூன். அந்த வேலை கிடைத்ததில் இருந்து அவனுக்கு அதிகாரி என்றால் சாமி. எமர்ஜென்சி வந்த பிறகு கேட்கவே வேண்டாம். "இப்பத்தான்க்கா நாடு உருப்படுது. எல்லாரும் டைமுக்கு ஆபீஸ் வர்றாங்க. சனங்களுக்கு ஒரு பயம் வேணும்க்கா!" பஸ்ஸில் ஏறியதில் இருந்து இறங்கும் வரை இதே பாட்டு. காதில் ரத்தம் வராத குறைதான்.

மொட்டை போட்டு, பசங்கள் தலையில் சந்தனம் தடவியாயிற்று. "பசங்களப் பாத்துக்கடா, ஒரு முழுக்குப் போட்டுட்டு வர்றேன்" என்று ஆற்றுக்குப் போனேன். குளித்துச் சேலை மாற்றிக்கொண்டு வந்தால், பசங்கள் இருவரும் மீன் வறுக்கிற கடையில் உட்கார்ந்திருக்கிறார்கள். தம்பியைக் காணோம்.

கடைக்கார அம்மா சொன்னாள்: "உன் வூட்டுக்காரன வேன்ல ஏத்திக்கிட்டுப் போயிட்டாங்க கண்ணு. ரெண்டு புள்ள இருக்குதே, ஆபரேசன் பண்ணிக்கன்னாங்க. பசங்கள என்கிட்ட வுட்டுட்டு அந்த ஆளும் பேசாம ஏறிட்டான்."

குடும்பக் கட்டுப்பாடு முகாமுக்கு ஆள் பிடிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். அடப்பாவி! உனக்கு ஒரு பிள்ளைகூடப் பிறக்கவில்லையே!

பென்னாகரம் போகும் வழியில் ஒரு பள்ளிக்கூடத்தில் முகாம் என்றார்கள். சின்னவனை இடுப்பில் தூக்கி, பெரியவனைக் கையில் பிடித்து, கிடைத்த பஸ்ஸில் தொற்றிக்கொண்டு போனேன். போய்ப் பார்த்தால், வராந்தா பெஞ்சில் வரிசையாக ஆம்பளைகள். கைகட்டிக்கொண்டு நடுவில் என் தம்பி. வந்த ஆத்திரத்தில் அங்கேயே கத்தினேன்.

"ஏன்டா, எனக்குப் புள்ள இல்லைன்னு சொல்ல வாய் இல்லியா?"

"சொன்னேன்க்கா. எல்லாரும் இப்பிடித்தான் சொல்றாங்கன்னு அந்த சார் சொல்லிட்டாரு."

"அப்புறம்?"

"அப்புறம் எப்பிடிக்கா ரெண்டாந்தடவ சொல்றது? கோவிச்சுக்குவாரே!"

தலையில் அடித்துக்கொண்டேன். அதற்குள் அவனை அழைத்து வந்த அதிகாரியே வந்துவிட்டார். "யாரும்மா நீ? புருசன ஆபரேசன் பண்ண விடமாட்டியா? இது எமர்ஜென்சி, தெரியுமில்ல? உள்ள தள்ளுனா ஏன்னு கேக்க ஆள் கிடையாது."

பயம் இல்லாமல் இல்லை. ஆனால் பயத்தைவிட எரிச்சல் பெரிதாக இருந்தது. "தள்ளுங்க சார்! இந்த ரெண்டையும் சேத்துத் தள்ளுங்க. இவன் என் புருசன் இல்லீங்க, கூடப்பொறந்தவன். மாமன் மடியில ஒக்காந்து மொட்ட போட்ட பசங்க இவனுங்க. சந்தனம் இன்னும் காயல, தொட்டுப் பாருங்க. இவன் பொண்டாட்டி ஆடிக்குத் தாய்வூடு போயிருக்கா. ஆடி முடிஞ்சி வந்து கேட்டா நீங்க வந்து பதில் சொல்றீங்களா?"

நான் போட்ட சத்தத்தில் பசங்களும் சேர்ந்து அலற ஆரம்பித்தார்கள். டாக்டர் வெளியே வந்தார். தம்பியைப் பார்த்து, "உங்களுக்குக் குழந்தை இருக்கா?" என்று கேட்டார். இந்தப் புண்ணியவான் பதில் சொல்வதற்கு முன்னால் அந்த அதிகாரியின் முகத்தைப் பார்க்கிறான்! நறுக்கென்று ஒரு கிள்ளு கிள்ளினேன். "இல்லீங்க" என்றான். "கூட்டிட்டுப் போங்கம்மா" என்று சொல்லிவிட்டு டாக்டர் உள்ளே போய்விட்டார். அதிகாரி முறைத்ததோடு சரி.

அதைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர், "எனக்குப் பேத்தியே கல்யாண வயசுல இருக்குதுங்க" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். அவர் பின்னாலேயே இன்னும் சிலர் எழுந்தார்கள். யாரும் தடுக்கவில்லை. இத்தனைக்கும் அங்கே யாரையும் கயிறு போட்டுக் கட்டியிருக்கவில்லை.

திரும்பும்போது பஸ்ஸில் தம்பி அந்த எமர்ஜென்சிப் பாட்டைப் பாடவில்லை. புத்தி வந்துவிட்டது போல என்று நினைத்தேன். "அந்த சார் என்னப் பத்தி என்ன நெனச்சிருப்பாரோ, பாவம்" என்றான். அவனை ஜன்னல் வழியாக வெளியே தள்ளிவிடலாமா என்று இருந்தது.

மறு வருடம் அவனுக்குப் பெண் பிறந்தாள். இன்றைக்கு அவளே பேரன் பேத்தி எடுத்துவிட்டாள். அவனோ இன்னமும் டிவி முன்னால் உட்கார்ந்து, ஒரு சர்வாதிகாரி வந்தால்தான் இந்த நாட்டுக்குச் சரிப்படும் என்கிறான். அப்பனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அந்தப் பெண் காபி ஆற்றிக்கொண்டிருக்கிறாள். கோபித்துக்கொள்வாரே என்று அவன் சொல்லாமல் விட்ட அந்த இரண்டாவது தடவையை நான் போய்ச் சொல்லியிராவிட்டால் அவள் இந்தப் பூமியில் இருந்திருக்கவே மாட்டாள் என்பதை இந்த மனிதனுக்கு எப்படிப் புரிய வைப்பது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.