சரளைக் காட்டில் தக்காளி நட்ட பெரியப்பா

விவசாய நிலத்தைக் கடை கட்டுகிற நிலமாக மாற்ற மனுப்போட்டுத் தரும் ஆபீஸில் வேலை பார்ப்பது, கல்யாணத் தரகு பார்ப்பது மாதிரி. எந்தப் பக்கம் கோளாறு என்றாலும் திட்டு நமக்குத்தான். மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பேச்சு வாங்குகிறவர்களுக்கு இது சொல்லாமலே புரியும்.

வாய்க்கு வராத பேச்சு

பழனிசெட்டிபட்டியில் இருக்கும் எங்கள் ஆபீஸுக்கு முத்தையா பெரியப்பா மனைவி, மகனோடு வந்தார். சொந்தமில்லை, வருகிறவர்களை முறை வைத்துக் கூப்பிட்டால்தான் எனக்குப் பேச்சு ஓடும். வீரபாண்டிப் பக்கம் பைபாஸ் ஓரம் அவருக்கு ஒரு மானாவாரிக் காடு. முழுக்கச் சரளைக்கல், ஆடுகூட அந்தப் பக்கம் ஒதுங்காது. கோட்டயத்தில் டயர் கடையில் வேலை பார்த்த ஒரே மகன் பாண்டி அங்கே சொந்தக் கடை போட ஆசைப்பட்டான். நிலம் வகை மாறினால்தான் பேங்க் லோன். "இது நடக்கலேன்னா நான் திரும்பக் கோட்டயம் போயிருவேன்" என்று கறாராகச் சொன்னான். அந்தம்மா அப்போதே கண்ணைத் துடைத்தார்.

"கவலைப்படாதீங்க பெரியம்மா. வேளாண்மை ஆபீசர் பார்க்க வருவாக. இங்கன ஒண்ணும் விளையாதுன்னு பெரியப்பா ஒரு வார்த்தை சொன்னாப் போதும்" என்றேன். பெரியப்பா நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார்.

"ஏத்தா, மகனுக்காக உசுரைக் கேளு, குடுக்கறேன். என் காடு விளையாதுன்னு என் வாயால மட்டும் சொல்லச் சொல்லாத."

பேப்பரில் கூப்பிட்டது

நிலம் மாறுவதில் ஆட்சேபணை உள்ளவர்கள் தெரிவிக்கலாம் என்று பேப்பரில் விளம்பரம் கொடுக்க வேண்டும். வழக்கமாக அதை யாரும் படிப்பதில்லை. இந்தத் தடவை பக்கத்துக் காட்டுக் காதர் மாமா படித்துவிட்டார். ஆட்சேபணையை எழுதி எடுத்துக்கொண்டு நேராக எங்கள் ஆபீஸுக்கே வந்துவிட்டார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னேன்.

"டயர் கடை வந்தா உங்களுக்கு என்ன மாமா கஷ்டம்?"

"ஒரு கஷ்டமும் இல்ல. பாண்டி பய நல்லா இருக்கட்டும். ஒரே வரப்புல நடக்குறோம், எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னானா உங்க பெரியப்பன்? பேப்பரைப் பாத்துத்தான் நான் தெரிஞ்சுக்கணுமா?"

அன்று சாயங்காலமே பெரியப்பாவும் பெரியம்மாவும் தட்டில் பழம் வைத்து அவர் வீட்டுக்குப் போய் முறையாகச் சொன்னார்கள். மறுநாள் வந்து ஆட்சேபணை மனுவைத் திருப்பி வாங்கிக்கொண்ட மாமா, வாசல் வரை போய்விட்டுத் திரும்பி வந்தார்.

"இனிமே விளம்பரம் போட்டா, 'இதையே நேரில் வந்து அழைத்ததாகக் கருதவும்'னு கீழே ஒரு வரி சேத்துருத்தா."

பச்சை

ஆபீசர் வருகிற நாளை முன்கூட்டியே சொல்லிவிட்டேன். அது என் தப்பு. சின்னவளைப் பால்வாடியில் விட்டுவிட்டு ஸ்கூட்டியில் போய் இறங்கினால், காட்டைக் காணோம்! கண்மாயிலிருந்து கரம்பை என்கிற வண்டல் மண்ணை டிராக்டரில் அள்ளிவந்து பரப்பி, வரிசையாகத் தக்காளி நாற்று நட்டு, தண்ணீரும் பாய்ச்சி, குளித்து வெள்ளை வேட்டியில் நின்றார் பெரியப்பா.

"என்ன பெரியப்பா இது!"

"பெரிய மனுசக வர்றாகன்னு நீதான சொன்ன. மொட்டைக் காட்டையா காமிக்கிறது?"

சொல்லி முடிக்கவில்லை, ஜீப் வந்துவிட்டது. ஆபீசர் குனிந்து ஒரு பிடி மண்ணை எடுத்து உதிர்த்தார். "அருமையான மண்ணா இருக்கேய்யா! இதைப் போய்க் கடையாக்கச் சொல்றீங்களே?" என்றார். பெரியப்பாவுக்கு மீசை துடித்தது பெருமையில். பாண்டி போனை எடுத்துக்கொண்டு ரோட்டுப் பக்கம் நடந்தான். கோட்டயத்து முதலாளியைத்தான் கூப்பிடப் போகிறான் என்று எங்கள் எல்லாருக்கும் தெரிந்தது. பெரியப்பா முகத்தில் இருந்த பெருமை அப்படியே வடிந்தது. ஆனாலும் 'விளையாது' என்ற அந்த ஒரு வார்த்தையை மட்டும் சொல்லவில்லை.

பெரியம்மா சேலையை இழுத்துச் செருகினார். மம்பட்டியை எடுத்து ஒரே போடு. 'ணங்' என்றது. நாற்றோடு கரம்பை பெயர்ந்து வர, அடியில் பல்லைக் காட்டியது சரளை.

"சார், எங்கய்யா மாப்பிள்ளை வீடு பாக்க வந்தப்பவும் இவுக இதே வேலையத்தான் பாத்தாக. கரம்பையக் கொட்டி மொளகா நட்டு வச்சிருந்தாக. தாலி ஏறுன பெறகுதான் அடியில கல்லுன்னு எனக்குத் தெரிஞ்சுச்சு."

ஆபீசருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. இருந்தாலும் காட்டின் நாலு மூலையிலும் தோண்டச் சொல்லிப் பார்த்தார். எல்லா இடத்திலும் 'ணங்'. "என்ன பெரியவரே, அம்மா சொல்றது நிஜமா?" என்று கேட்டார். பாண்டி போனைக் காதில் வைக்காமலே திரும்பிப் பார்த்தான். பெரியப்பா மகனைப் பார்த்தார், மண்ணைப் பார்த்தார், துண்டால் முகத்தைத் துடைத்தார்.

"ஒண்ணும் விளையாது சார்... ஆனா அன்னைக்கு அதைச் சொல்லியிருந்தா எனக்குப் பொண்ணு குடுத்திருப்பாகளா?"

இப்போதெல்லாம் யாரிடமும் "ஆபீசர் வர்றாக" என்று நான் சொல்வதில்லை, "சும்மா காட்டுப் பக்கம் நில்லுங்க" என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.