ரயில் இல்லாத ஸ்டேசனில் சம்பந்தியம்மா

அழகன் தம் வாழ்நாளில் சொன்ன பெரிய பொய் ஒன்றே ஒன்றுதான். அதையும் முழுப் பொய் என்று சொன்னால் பாவம் வந்து சேரும். தேயிலைத் தோட்டத்தில் அவருடைய லயத்து வீட்டு வரிசைக்கு எதிரே ஸ்டேசன் இருந்தது. நுவரெலியாப் பக்கத்துச் சின்ன ரயில் அங்கே நின்று மூச்சு வாங்கிவிட்டுப் போனது. பதினாறு வருசம் மூட்டை தூக்கி, விளக்கேற்றி, ரயில் வந்ததும் ஸ்டேசன் பெயரை மலை அதிரக் கூவியவரும் அவரே.

1948இல் ரயிலை நிறுத்தினார்கள். பிறகு தண்டவாளத்தைக் கழற்றிக்கொண்டு போனார்கள். கட்டடத்தைக் கழற்ற முடியவில்லை, விட்டுவிட்டார்கள். அழகனையும் அப்படியே. கட்டடம் கொழுந்து நிறுக்கும் மடுவமாக உத்தியோகம் மாறியது. அழகன் தோட்டத்தில் புல்லு வெட்டப் போனார். ரயில்வே காக்கிக் கோட்டை மட்டும் கழற்றவில்லை.

1952இல் மகனுக்குப் பெண் கேட்டு வலப்பனைப் பக்கம் போனார். பெண்ணைப் பெற்றவள் நாகலெட்சுமி கேட்டது ஒரே கேள்வி.

"மகள நெனச்சா வந்து பாக்க வசதி இருக்குங்களாண்ணே?"

"வாசல்லயே ரயிலு நிக்குது தங்கச்சி."

நாலு வருசத்துக்கு முன் கேட்டிருந்தால் அது சத்தியவாக்கு.

பெண் வீட்டு ஆண்கள் நாலு பேர் வீடு பார்க்க வந்த ஞாயிற்றுக்கிழமை பனிமூட்டம். ஸ்டேசன் சுவர் தெரிந்தது. தண்டவாளம் தெரியவில்லை, இருந்திருந்தாலும் தெரிந்திருக்காது. "ஞாயித்துக்கிழமை ரயிலு லீவுங்க" என்றார் அழகன். நாலு பேரும் தலையாட்டினார்கள். கலியாணம் நடந்தது.

கலியாணத்துக்கு மறுநாள் காலை மருமகள் பூரணி வாசலுக்கு வந்தாள். எதிரே பார்த்தாள். மாமனார் முகத்தைப் பார்த்தாள். ஒன்றும் கேட்காமல் குடத்தை எடுத்துக்கொண்டு தண்ணீர்ப் பீலிக்குப் போனாள். நாலு வார்த்தை ஏசியிருக்கலாம். அன்றிலிருந்து அவள் இருக்கும் நேரத்தில் அழகன் லயத்துக் காம்பரா அறைக்குள் தலை நிமிர்ந்ததில்லை. வாசல் நிலை தாழ்வு என்று தமக்குத் தாமே காரணம் சொல்லிக்கொண்டார்.

அடுத்த வருசம் பூரணிக்கு ஏழாம் மாதம். பிரசவத்துக்கு மகளை அழைத்துப்போக நாகலெட்சுமி கூடை நிறையக் கட்டுச்சோறு கட்டிக்கொண்டு வந்தாள். புளிச்சோறு, தேங்காய்ச்சோறு, தயிர்ச்சோறு. லயமே சாப்பிட்டது. அழகனுக்கு மட்டும் உருண்டை தொண்டையிலேயே ஸ்டேசன் போட்டு நின்றது.

சாப்பாடு முடிந்ததும் நாகலெட்சுமி கூடையைக் கட்டினாள். "அப்ப நாங்க கெளம்புறோம். ரயிலுக்கு நேரமாச்சு."

மகளை அழைத்துக்கொண்டு நேரே போய் ஸ்டேசன் பெஞ்சில் உட்கார்ந்தாள். சுற்றிலும் பெண்கள் கொழுந்து நிறுத்துக்கொண்டிருந்தார்கள். அழகன் ஓடி வந்தார். வாய் தானாகத் திறந்தது.

"இன்னைக்கு ரயிலு கொஞ்சம் லேட்டு தங்கச்சி."

"எவ்வளவு லேட்டுங்கண்ணே?"

"அஞ்சு வருசந்தான்!" என்றாள் தராசடியில் நின்ற வீரம்மா. கொழுந்துக்கூடைகளோடு சேர்ந்து மடுவமே குலுங்கியது.

நாகலெட்சுமி சிரிக்கவில்லை. "கலியாணமாகி மூணாம் நாளே பூரணி கடுதாசி போட்டுட்டாங்கண்ணே. ரயிலு இல்ல, ஆனா மாமா நல்லவரு, அவர ஒண்ணும் கேட்டுடாதன்னு எழுதியிருந்தா. ஒரு வருசமா நானும் கேக்கல. நீங்களா சொல்வீங்கன்னு பாத்தேன். இப்ப சொல்லுங்க. சொன்னா எந்திரிச்சு பஸ்ஸுக்கு நடக்கிறேன்."

"விடும்மா" என்றாள் பூரணி, தரையைப் பார்த்தபடி.

அந்த 'விடும்மா'தான் அழகனைக் கொன்றது. வாயைத் திறந்தார். ஒரு காலத்தில் மலையை எழுப்பிய தொண்டையிலிருந்து காற்று மட்டும் வந்தது.

"ஸ்டேசன் மாஸ்டரய்யா, கேக்கலீங்க!" என்றாள் வீரம்மா.

அழகன் பழைய இடத்தில் போய் நின்றார். பழைய பழக்கத்தில் கையை வாயருகே குவித்தார்.

"ரயிலு இல்ல! தண்டவாளமும் இல்ல! நான் பொய் சொன்னேன்!"

எதிர்மலை கடைசி இரண்டு வார்த்தைகளை மட்டும் தெளிவாகத் திருப்பிச் சொன்னது. மேல்மலையில் கொழுந்தெடுத்த பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். தராசடியில் யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை என்று அழகனுக்கு இருந்தது.

நாகலெட்சுமி எழுந்தாள். "இம்புட்டுத்தானே" என்று கூடைக்குக் கை நீட்டினாள்.

அதற்குள் அழகன் குனிந்துவிட்டார். காக்கிக் கோட்டைக் கழற்றிச் சும்மாடாகச் சுருட்டித் தலையில் வைத்தார். அதன்மேல் கூடையை ஏற்றிக்கொண்டு பஸ் ரோட்டுக்கு நடந்தார். இரண்டு மைல். இரு பக்கமும் தெரிந்த முகங்கள். தலையைத் தொங்கப்போட வேண்டும்போல் இருந்தது. ஆனால் கூடை சுமக்கிறவன் தலை குனிந்தால் கூடை விழுந்துவிடும். பாதி தூரத்தில் பூரணி, "எறக்கி வச்சிட்டு வாங்க மாமா" என்றாள். அவர் கேட்காததுபோல், தலை நிமிர்ந்தபடியே நடந்தார்.